மாணவர் பாராளுமன்றத்தில் சட்டமூலம்: நடைமுறை விதிகளின் பொருள்கோடல்

இலங்கைப் பாடசாலைகளின் மாணவர் பாராளுமன்றம், சபாநாயகர், பிரதமர், அமைச்சர்கள் என நாட்டின் பாராளுமன்றத்தை ஒட்டி அமைவது. பிள்ளைகள் சட்டவாக்கத்தைச் செய்து பழகக்கூடிய களம் இது.

பின்பற்றப்படும் மூல நடைமுறை அரசியலமைப்பிலும் நிலையியற் கட்டளைகளிலும் உள்ளது. வர்த்தமானியில் வெளியாகிக் குறைந்தது 7 நாட்களின் பின்னரே சட்டமூலம் ஒழுங்குப் பத்திரத்தில் ஏறும். முதலாம் வாசிப்பில் விவாதமில்லை. இரண்டாம் வாசிப்பில் அதன் கொள்கையும், குழுநிலையில் ஒவ்வொரு வாசகமும் ஆராயப்படும். மூன்றாம் வாசிப்பில் நிறைவேறி, சபாநாயகரின் சான்றுரை கிடைத்ததும் அது சட்டமாகும்.

மாணவர் சபைகளில் அடிக்கடி பிழையாவது வாக்குக் கணக்கு. சாதாரண சட்டமூலத்துக்கு, அளிக்கப்பட்ட வாக்குகளில் பெரும்பான்மை போதும். வாக்குகள் சமமானால் சபாநாயகர் அறுதியிடும் வாக்கை அளிப்பார். அரசியலமைப்புத் திருத்தத்துக்கோ, வராதவர்களையும் சேர்த்த மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 225 பேர் சபையில் அது 150. அறுபது பேர் கொண்ட மாணவர் சபையில் 45 பேரே வந்திருந்தாலும் 40 வாக்குகள் தேவை, 30 போதாது.

இதைவிடக் கனமான கேள்வி குழுநிலையில் எழுகிறது: திருத்தம் எதுவரை போகலாம்? 2017இல் மாகாண சபைத் தேர்தல்கள் திருத்தச் சட்டமூலம், வேட்பாளர் பட்டியலில் பெண்களின் பங்கை உயர்த்தும் நோக்குடன் வந்தது. செப்டெம்பர் 20ஆம் திகதி, குழுநிலைத் திருத்தங்கள் மூலம் தேர்தல் முறையே கலப்பு முறையாக மாற்றப்பட்டு, 159க்கு 37 என்ற வாக்குகளால் நிறைவேறியது. உயர் நீதிமன்றில் சட்டமூலத்தை ஆட்சேபிக்கும் வாய்ப்பு, அது ஒழுங்குப் பத்திரத்தில் ஏறியதை ஒட்டியே மக்களுக்கு உண்டு. குழுநிலையில் புகுந்த வாசகங்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. சான்றுரைக்குப் பின் எந்த நீதிமன்றமும் சட்டத்தின் வலிதைக் கேள்விக்குட்படுத்த முடியாது. புதிய முறைக்கான எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018இல் நிராகரித்தது. 2014க்குப் பின் 2024 முடியும் வரை ஒரு மாகாண சபைத் தேர்தலும் நடக்கவில்லை.

திருத்தம் சட்டமூலத்தின் அடிப்படையிலிருந்து விலகலாகாது என்ற விதியை 2020இன் இருபதாவது திருத்தம் அரசியலமைப்பிலேயே எழுதியது. விலகியதா என்று தீர்ப்பது முதலில் ஆசனத்தில் இருப்பவரின் பொறுப்பு. நேரம் போதாதென்று குழுநிலையைத் தவிர்க்கும் மாணவர் பாராளுமன்றம், சட்டவாக்கத்தின் மிக முக்கியமான பாடத்தையே தவறவிடுகிறது.