எதிர்க்கண் ஆதிக்கமும் ரைபிள் தகவமைப்பும்

பழகிய கை ஒரு பக்கமும், குறிபார்க்கும்போது மூளை முதன்மையாக நம்பும் கண் மறுபக்கமும் அமைந்த நிலையே எதிர்க்கண் ஆதிக்கம். இது மாறுகண் அன்று. பார்வைக் குறைபாடும் அன்று. மனிதரில் பத்துக்கு ஒன்பது பேர் வலக்கையர்; வலக்கண் முந்துவோர் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரே. ஆகவே வலக்கையரிலும் கணிசமானோருக்கு இடக்கண்ணே முந்துகிறது. அன்றாட வேலைகளில் இது தெரிவதில்லை. ரைபிளை வலத்தோளில் ஊன்றிக் கன்னத்தைக் கட்டையில் சாய்க்கையில் சிக்கல் எழுகிறது: காட்சித் துளைக்கு நேரே வலக்கண் இருக்க, மூளை இடக்கண்ணின் படத்துக்குத் தாவுகிறது. அதைச் சரிசெய்யச் சுடுபவர் அறியாமலே தலையைக் கட்டைக்கு மேல் சாய்ப்பார், கழுத்து இறுகும், குறி தவறும்.

ஒரு கண் முந்துவதை இத்தாலிய அறிஞர் ஜாம்பத்தீஸ்தா தெல்லா போர்த்தா 1593இல் வெளியான ஒளிவிலகல் நூலிலேயே எழுதிவைத்தார். ஒரு கோலை முன்னே நீட்டித் தொலைவிலுள்ள பொருளோடு நேராக்கி, கண்களை மாறிமாறி மூடிப் பார்ப்பது அவர் வழி. அமெரிக்க உளவியலாளர் வால்டர் மைல்ஸ் 1929, 1930 ஆண்டுகளில் இதை முறையான ஆய்வாக்கினார். அவர் பெயரால் வழங்கும் சோதனை இன்றும் எளியது: இரு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்துச் சிறு துளை அமைத்து, அதன் வழியே தொலைவிலுள்ள விளக்கை இரு கண்களாலும் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூட, எந்தக் கண்ணை மூடும்போது விளக்கு மறைகிறதோ அதுவே ஆதிக்கக் கண். ஆயுதம் செய்தோரும் இதை அறிந்திருந்தனர். வலத்தோளில் ஊன்றிய துப்பாக்கி இடக்கண்ணுக்கு நேராக வரும்படி கட்டையைப் பக்கவாட்டில் வளைத்துச் செய்யும் வழக்கம் ஆங்கிலேய வேட்டைத் துப்பாக்கி வினைஞரிடம் இருந்தது. பின்காட்சி இல்லாத அத்துப்பாக்கியில் கண்ணே பின்காட்சி என்பதால் இந்த வளைவு இன்றியமையாததாயிற்று.

படைத்துறை இந்த அக்கறையைக் காட்டவில்லை. பினாங்கு, புரொவின்ஸ் வெல்லெஸ்லி தொண்டர் படை, நீரிணைக் குடியேற்றத் தொண்டர் படையின் மூன்றாம் பட்டாளமாக இருந்தது. இத்தகைய பிரிட்டிஷ் அணிகளின் லீ-என்பீல்டு ரைபிளில் தாழ்ப்பாள் கைப்பிடி வலப்பக்கமே இருந்ததால், இடத்தோளில் சுடுபவர் ஒவ்வொரு குண்டுக்கும் கையைக் குறுக்கே நீட்ட வேண்டும். 1990களில் மலேசியாவில் உரிமம் பெற்றுத் தயாரிக்கப்பட்ட ஸ்டையர் ஏயூஜி ரைபிள், மாறாக, தாழ்ப்பாளையும் வெற்றுத்தோட்டா வெளியேறும் துளையின் மூடியையும் மாற்றி இடத்தோளுக்கு ஆக்கக்கூடியது. ஆயுதத்தை ஆளுக்கேற்ப மாற்றலாம் என்பதற்கு இது போதிய சான்று.

ஆகவே தோளை மாற்றுவதே முதல் தீர்வு. புதிதாகக் கற்பவருக்கு இது எளிது. இடக்கை அமைப்புள்ள கட்டையும் தாழ்ப்பாளும் இருந்தால் போதும். பல ஆண்டு வலத்தோளில் பழகியவரின் கை நினைவைக் கலைப்பது இழப்பு என்ற மறுப்பு நியாயமானது. அவருக்குக் காட்சியை நகர்த்தும் வழி உண்டு. பன்னாட்டுத் துப்பாக்கிச் சுடுதல் விதிகள், வலத்தோளில் ஊன்றி இடக்கண்ணால் குறிபார்ப்பவருக்கும் அதன் மறுதலைக்கும் மட்டும், உருப்பெருக்கம் இல்லாத முப்பட்டகம் அல்லது கண்ணாடிக் கருவியை அனுமதிக்கின்றன. பக்கவாட்டில் நகர்ந்த காட்சிக்கோடு குழாயின் கோட்டை ஒரே தொலைவில்தான் சந்திக்கும் என்பது உண்மை. ஆனால் 10 மீட்டர், 50 மீட்டர் என நிலைத்த தொலைவுப் போட்டிகளில் அது குறையாகாது.

துளைக்காட்சி வழியே ஒரு கண்தானே பார்க்கிறது, ஆதிக்கம் எதற்கு என்பது அடுத்த மறுப்பு. மறு கண் திறந்திருக்கும் வரை அதன் அகன்ற காட்சி குறுக்கிடத்தான் செய்யும். அதை இறுக மூடினால் முகத்தசை இழுபட்டு, குறிபார்க்கும் கண்ணும் விரைவில் சோர்கிறது. 10 மீட்டர் காற்று ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 0.5 மில்லிமீட்டர் மட்டுமே. அங்கே சிறு சோர்வும் புள்ளியைப் பறிக்கும். எனவே மறு கண் முன் மறைப்புத் தகடு பொருத்துவதே சரி. அது கருமையாக இராமல் ஒளி புகும் வெண்மையாக இருந்தால் இரு பாவைகளும் ஒத்த அளவில் விரிந்திருக்கும்.

மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் உள்ளடக்குவதால், பினாங்கில் பயிற்சி உரிமம் பெற்ற வட்டத்துக்குள்ளேயே நடக்கிறது. பயிற்றுநர்கள் ரைபிளைக் கையில் கொடுக்குமுன் கற்பவரின் கண்ணைச் சோதிக்க வேண்டும். தோளையும் கட்டையையும் அதன் பிறகே முடிவு செய்ய வேண்டும்.