சந்தைக்கு வரும் பழஞ்சீன ஜேட் கலைப்பொருள்: ட்சொங் வழி ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பழஞ்சீனத்துச் செதுக்கு ஜேட் பொருள்கள் பல நூற்றாண்டுகளாகச் சேகரிப்போரின் கைகளுக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுள் ட்சொங் எனப்படும் பொருள் பெயராலும் பயனாலும் காலத்தாலும் தொடர்ந்து தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டு, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்த அகழாய்வுகளால் மட்டுமே தன் காலத்தை மீளப் பெற்றது. இவ்வரலாற்றை முன்வைத்து, கண்டெடுத்த இடம் அறியப்படாத ஒரு ஜேட் பொருள் வரலாற்றுச் சான்றாக எவ்வளவு தூரம் பயன்படும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஜேட், ட்சொங், லியாங்சு பண்பாடு, சேகரிப்பு, அகழாய்வு, போலி.

முன்னுரை

ஜேட் என்னும் சொல் நெஃப்ரைட், ஜேடைட் ஆகிய இருவேறு கனிமங்களைக் குறிக்கும். தமிழில் இதனைச் சிலர் மரகதம் என்று எழுதுவது பொருந்தாது. மரகதம் வேறொரு கனிமம். பழஞ்சீனத்தில் செதுக்கப்பட்டது பெரும்பாலும் நெஃப்ரைட் ஆகும். பர்மாவிலிருந்து வந்த ஜேடைட் 18ஆம் நூற்றாண்டில்தான் சீனத்தில் பரவலாயிற்று. எனவே புதிய கற்காலத்தது என்று கூறி விற்கப்படும் சீனப் பொருள் ஜேடைட்டால் ஆனதாயின் அக்கூற்று நம்பத்தக்கதன்று.

நெஃப்ரைட்டை உளியால் செதுக்க இயலாது. கல்லைவிடக் கடினமான மணலை நீருடன் சேர்த்து, நூலாலும் துளைக் கருவியாலும் நாள்பல தேய்த்தே அதற்கு வடிவம் தரவேண்டும். ஆகவே ஒரு ஜேட் பொருள் அதனைச் செய்வித்தவரின் செல்வத்திற்கும், பலரின் உழைப்பைத் திரட்டும் அதிகாரத்திற்கும் சான்றாகிறது. அந்த அதிகாரம் எக்காலத்தது, எவருடையது என்னும் வினாவிற்குக் கல் மட்டும் விடை கூறுவதில்லை.

சேகரிப்போர் கண்ட ட்சொங்

ட்சொங் என்பது வெளிப்புறம் சதுரமாகவும் உட்புறம் வட்டத் துளையாகவும் அமைந்த குழல்வடிவப் பொருள். அதன் நான்கு மூலைகளிலும் கண்களும் மூக்கும் கொண்ட முகங்கள் அடுக்கடுக்காகச் செதுக்கப்பட்டிருக்கும். சோங் அரசமரபுக் காலத்திலேயே இவ்வடிவம் அறிஞர்களைக் கவர்ந்தது. அக்காலத்தில் இவ்வடிவைப் பின்பற்றிப் பீங்கான் பூச்சாடிகள் செய்யப்பட்டன.

சிங் பேரரசர் சியான்லோங் (ஆட்சிக்காலம் 1735–1796) பெருஞ் சேகரிப்பாளர். தம்மிடமிருந்த ட்சொங்குகளை அவர் தேர்த்தண்டின் முனையில் பொருத்தும் உறுப்பு என்று கருதினார். சிலவற்றின் உள்ளே உலோகக் குழல் பொருத்திப் பூச்சாடியாக்கினார். சிலவற்றின்மேல் தம் கவிதைகளைப் பொறிக்கச் செய்தார். தைபெயிலுள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள ட்சொங் ஒன்றில் அக்கவிதை தலைகீழாக அமைந்துள்ளது. முகங்கள் தேய்ந்து கோடுகளாகிவிட்ட பொருளில் எது மேல், எது கீழ் என்பது அவருக்குப் புலப்படவில்லை. பேரரசின் அறிஞர் குழாம் முழுவதும் உடனிருந்தும் நேர்ந்த பிழை இது.

1889இல் வூ தாசெங் தம் பழஞ்ஜேட் பட நூலில், சோவ் மரபின் சடங்குகளைக் கூறும் நூலில் இடம்பெறும் ட்சொங் இதுவே என்று இனங்காட்டினார். வானத்திற்குப் பி என்னும் வட்டத்தகடும் நிலத்திற்கு ட்சொங்கும் படைக்கப்பட்டன என்பது அந்நூற் செய்தி. 1912இல் பெர்தோல்ட் லாஃபர் ஆங்கிலத்தில் எழுதிய ஜேட் பற்றிய ஆய்வுநூல் வூ தாசெங்கைப் பெரிதும் சார்ந்திருந்தமையால் இக்கருத்து மேலைநாட்டு அருங்காட்சியகங்களிலும் நிலைபெற்றது. பெயர் கிடைத்தது, ஆயினும் காலம் பிழையாகவே நின்றது. நூலின் காலத்தையொட்டி ட்சொங்குகள் சோவ் அல்லது ஹான் காலத்தன என்று மதிப்பிடப்பட்டன.

அகழாய்வு தந்த காலம்

1936இல் ஷி சிங்கெங், ஹாங்சோ நகருக்கு அருகிலுள்ள லியாங்சுவில் கரிய மட்பாண்டங்களைக் கண்டறிந்தார். அவ்வூர்ப் பெயராலேயே அப்பண்பாடு பின்னர் அழைக்கப்பட்டது. எனினும் ட்சொங்கை அப்பண்பாட்டோடு ஐயமற இணைத்தது 1973ஆம் ஆண்டில் ஜியாங்சு மாநிலத்துச் சாவ்சியேஷானில் நடந்த அகழாய்வாகும். அங்கு ஒரே கல்லறையில் ட்சொங்கும் பியும் லியாங்சு மட்பாண்டங்களுடன் கிடைத்தன. மட்பாண்டத்தின் காலமே ஜேட்டின் காலமாயிற்று. லியாங்சு பண்பாடு ஏறத்தாழக் கி.மு. 3300 முதல் கி.மு. 2300 வரை நிலவியது. சேகரிப்போர் கணித்த காலம் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பிழைபட்டிருந்தமை இதனால் வெளிப்பட்டது.

1986இல் ஃபான்ஷானில் அகழப்பட்ட 12ஆம் எண் கல்லறை 600க்கும் மேற்பட்ட ஜேட் பொருள்களைத் தந்தது. அவற்றுள் ஏறத்தாழ 6.5 கிலோகிராம் எடையுள்ள ட்சொங் ஒன்றில், இறகுத் தலையணி பூண்ட மனித உருவும் அதன்கீழ் பெருங்கண் விலங்கு முகமும் முழுமையாகக் காணப்படுகின்றன. பிற ட்சொங்குகளின் மூலைகளிலுள்ள கோடுகளும் வட்டங்களும் இவ்வுருவத்தின் சுருக்கமே என்பது இதன்பின் தெளிவாயிற்று. சியான்லோங் அறியாதுபோன மேல்கீழ் வேறுபாட்டிற்கும் இங்கு ஐயமற விடை கிடைத்தது.

இடம் கூறும் செய்தி: யாவ்ஷான்

பொருளின் அழகைவிட அது கிடந்த இடமே கூடுதலாகப் பேசும் என்பதற்கு 1987இல் அகழப்பட்ட யாவ்ஷான் சிறந்த சான்றாகும். அம்மேட்டில் கல்லறைகள் தெற்கு, வடக்கு என இரு வரிசைகளாக அமைந்துள்ளன. ட்சொங்கும் யுவே என்னும் ஜேட் கோடரியும் தெற்கு வரிசையில் மட்டுமே கிடைத்தன. ஹுவாங் எனப்படும் அரைவட்டப் பதக்கமும் நூற்புக் கதிரின் சக்கரமும் வடக்கு வரிசையில் மட்டுமே கிடைத்தன. இப்பகுப்பைக் கொண்டு தெற்கில் ஆடவரும் வடக்கில் மகளிரும் அடக்கம் செய்யப்பட்டனர் என்றும், ட்சொங் ஆடவர் தலைமையோடு தொடர்புடையது என்றும் ஆய்வாளர் கருதுகின்றனர். தனித்த ஒரு ட்சொங்கை எத்துணை நுணுகி நோக்கினும் இம்முடிவை எட்ட இயலாது.

யாவ்ஷான் அகழாய்வு தொடங்கப்பட்டதற்கே அங்கு நிகழ்ந்த கல்லறைக் கொள்ளைதான் காரணம். கொள்ளையிடப்பட்ட கல்லறையின் ஜேட் பொருள்கள் பல பின்னர் மீட்கப்பட்டன. ஆனால் அவை உடலின் எப்பகுதியில், எப்பொருளுக்கு அருகில், எவ்வரிசையில் கிடந்தன என்னும் செய்தியை மீட்க வழியில்லை.

கண்ணும் கருவியும் காணும் எல்லை

இடச்செய்தி இல்லாத பொருளை ஆய்வுக்கூடச் சோதனையால் காலங்காட்டலாமே என்னும் எதிர்வாதம் எழக்கூடும். ஜேட்டில் உயிர்ப்பொருட் கரி இல்லாமையால் கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு அதற்குப் பொருந்தாது. கனிமச் சோதனை கல்லின் இனத்தைக் காட்டும். கல்லின் வயது செதுக்கலின் வயதாகாது. நுண்ணோக்கியில் தெரியும் கருவித் தடங்கள் இக்காலப் பொறிகளைக் காட்டிக்கொடுக்கலாம். ஆனால் பழைய கருவிகளையே கையாளும் திறமிக்க கைவினைஞரின் போலியை அவையும் எளிதில் பிரித்தறிய இயலா.

போலி புதிதன்று. ஹான் காலத்தது போல் தோன்றிய ஜேட் கிண்ணம் ஒன்றைச் சியான்லோங் அரண்மனைப் பட்டறையின் கைவினைஞர் யாவ் சொங்ரெனிடம் காட்டியபோது, அது தம் பாட்டனார் செய்தது என்று அவர் கூறினார். மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, நிறமேற்றி, மெல்லிய தீயில் நெடுநாள் வாட்டிப் பழமை தோற்றுவிக்கும் முறையையும் விளக்கினார். இதனைப் பேரரசர் தாமே ஒரு குறிப்பாக எழுதிவைத்தார். உண்மையை வெளிப்படுத்தியது சேகரிப்பாளரின் கூரிய கண்ணன்று. செய்தவர் வழிவந்த குடும்ப நினைவே.

சேகரிப்பும் வரலாற்றின் பகுதி

இதனால் சேகரிப்பு முழுவதையும் பழிப்பது முறையாகாது. பழையதைப் போற்றிவைக்கும் வழக்கம் சீனத்தில் மிகத் தொன்மையானது. 1976இல் ஆன்யாங்கில் அகழப்பட்ட ஷாங் அரசி ஃபூ ஹாவின் கல்லறையில் கிடைத்த 755 ஜேட் பொருள்களுள் அவர் காலத்திற்கு மிக முற்பட்டனவும் உள்ளன. 2001இல் செங்டு நகரின் ஜின்ஷாவில் பத்து அடுக்குகள் கொண்ட லியாங்சு பாணி ட்சொங் ஒன்று கிடைத்தது. லியாங்சு மறைந்து ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், அது போற்றப்பட்டிருக்கிறது. இச்செய்தியை நாம் அறிவதும் அது அகழாய்வில், உரிய மண்ணடுக்கில் கிடைத்ததனாலேயே. விற்பனைக்கு வந்திருப்பின் அதன் நெடும்பயணம் மறைந்து, மற்றொரு லியாங்சு ட்சொங் என்னும் அளவிலேயே நின்றிருக்கும்.

முடிவுரை

ட்சொங்கின் வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, நூற்சான்றும் கண்மதிப்பீடும் பொருளுக்குப் பெயர் தரலாம். காலம் தர அவை போதா. இரண்டாவது, மெய்யான பழம்பொருள் என்பதும் வரலாற்றுச் சான்று என்பதும் ஒன்றல்ல; இடமிழந்த பொருள் மெய்யானதாயினும் பாதி ஊமையே. மூன்றாவது, விலையால் மட்டும் அளக்கப்படும் ஒவ்வொரு பொருளுக்குப் பின்னும் கலைக்கப்பட்ட ஒரு கல்லறை இருக்கக்கூடும்.

பண்பாட்டுடைமைகளின் முறையற்ற ஏற்றுமதி, இறக்குமதி பற்றிய 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கையைச் சீனம் 1989இல் ஏற்றது. எனினும் சட்டம் பொருளைத் திருப்பித் தரவல்லதேயன்றி அதன் இடத்தைத் திருப்பித் தரவல்லதன்று. ஆகவே விற்பனைப் பட்டியல்களில் தோன்றும் ஜேட் பொருள்களை ஆய்வில் எடுத்தாளுவோர், அவை எங்கு, எப்போது, எவரால் எடுக்கப்பட்டன என்னும் வினாவை முதலில் எழுப்புதல் வேண்டும். விடை கிடைக்காதவிடத்து, அப்பொருளைக் கொண்டு ஒரு பண்பாட்டின் காலத்தையோ சமயத்தையோ நிறுவாது தவிர்ப்பதே ஆய்வறமாகும்.