ஒன்பது யூரோ சாப்பாடு பிறந்த கதை

நான்கு தோசை உள்ளே போன பிறகும், "இன்னும் சாப்பிடலை, டிபன்தான் ஆச்சு" என்போம். எது டிபன், எது சாப்பாடு என்பது நமக்கு வீட்டு வழக்கு. 2020-ல் அயர்லாந்தில் அதை அரசாங்கமே தீர்த்துவைக்க வேண்டி வந்தது.

அந்த ஆண்டு மார்ச் 15 அன்று, செயின்ட் பேட்ரிக் திருநாளுக்கு இரண்டே நாள் இருக்கும்போது, கொரோனாவுக்காக அங்கே பப்புகளை மூடச் சொன்னார்கள். ஜூன் 29-ல் திறக்க அனுமதி வந்தது, ஒரு நிபந்தனையோடு. குடிக்க வருகிறவர் சாப்பிட்டாக வேண்டும். சும்மா கொறித்தால் போதாது. வயிறு நிறையும்படியான சாப்பாடு, விலை 9 யூரோவுக்குக் குறையக் கூடாது.

கிருமி விலைப்பட்டியல் பார்த்தா வருகிறது என்று தோன்றும். அரசின் கணக்கு வேறு. தட்டோடு உட்கார்ந்தவர் இடத்தை விட்டு எழமாட்டார், கவுன்டரில் தோளுரசி நிற்கமாட்டார், சாப்பிட்டதும் கிளம்பிவிடுவார்.

சரி, அதென்ன ஒன்பது? அது தொற்றுநோய் நிபுணர்கள் போட்ட கணக்கு அல்ல. அயர்லாந்தின் 1962-ம் ஆண்டு மதுச் சட்டத்தில் சாப்பாட்டுக்கு ஏற்கெனவே ஓர் இலக்கணம் இருந்தது: மதியமோ இரவோ முக்கிய வேளை உணவாக ஏற்கத் தக்கதாக இருக்க வேண்டும், இன்ன தொகைக்குக் குறையாமல் விலை வைக்கத் தக்கதாக இருக்க வேண்டும். அந்தத் தொகை காலப்போக்கில் 9 யூரோவாகியிருந்தது. அவசரத்துக்குப் பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டிப் போட்டதுதான் புதிய விதி.

இந்த யோசனைக்கு ஒன்றுவிட்ட பாட்டன் ஒருவர் நியூயார்க்கில் உண்டு. 1896-ல் செனட்டர் ஜான் ரெயின்ஸ் பெயரில் வந்த சட்டம், ஞாயிற்றுக்கிழமைகளில் ஹோட்டல்களில் மட்டும், அதுவும் சாப்பாட்டோடு மட்டும் மது கொடுக்கலாம் என்றது. பத்து படுக்கையறை இருந்தால் ஹோட்டல். உடனே சாராயக்கடைக்காரர்கள் பின்கட்டைத் தடுத்துப் பத்து அறை கட்டினார்கள். சாப்பாட்டுக்கு? ஒரே சாண்ட்விச். காய்ந்து விறைத்துப் போன அதை யாரும் கடிக்கவில்லை. ஒரு மேசையில் கோப்பை காலியானதும் அடுத்த மேசைக்குப் போகும்.

அயர்லாந்தில் சிக்கியவர்கள், குடி மட்டும் விற்கும் 'வெட் பப்' காரர்கள். கிராமத்து முக்கில் குடும்பமாக நடத்தும் சின்னக் கடை, அடுப்பே கிடையாது. பக்கத்துப் பப்பில் பீட்சாவும் பீரும் ஓட, இவர்கள் செப்டம்பர் 21 வரை காத்திருந்தார்கள். டப்ளின்காரர்களுக்கு அதுவும் இல்லை. அளக்க நினைத்தது நெரிசலை, அளந்ததென்னவோ சமையல்கட்டை. திறந்த கடைகளுக்கும் நிம்மதியில்லை. வந்தவர் என்ன சாப்பிட்டார் என்ற பதிவை 28 நாள் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு வந்து, ஊரே கொதித்தது.

அதே ஆண்டில் இங்கிலாந்துக்கும் இந்த வழக்கு தாவியது. கறி பொதிந்து சுட்ட பேஸ்டியை வெறுமனே கொடுத்தால் ஆகாது, தட்டில் வைத்துப் பக்கத்தில் சாலட்டோ சிப்ஸோ வைத்தால் சாப்பாடு என்ற ரீதியில் அக்டோபரில் விளக்கினார் அமைச்சர் ராபர்ட் ஜென்ரிக். நவம்பர் கடைசியில் வந்தது ஸ்காட்ச் முட்டை: வேகவைத்த முட்டையைக் கொத்துக்கறியில் பொதிந்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது. அது சாப்பாடாகத்தான் இருக்கும் என்றார் அமைச்சர் ஜார்ஜ் யூஸ்டிஸ். இரண்டு முட்டை வெறும் தொடக்க உணவுதான் என்று மறுநாள் சொன்ன இன்னோர் அமைச்சர் மைக்கேல் கோவ், பிறகு அதுவும் சாப்பாடுதான் என்று ஒப்புக்கொண்டார்.

2021 ஏப்ரல் 12-ல் இங்கிலாந்துப் பப்புகள் திறந்தவெளியில் மட்டும் திறந்தபோது தட்டு நிபந்தனை இல்லை. ஜூன் 7-ல் அயர்லாந்திலும் அப்படியே. எது சாப்பாடு என்ற வழக்கு தீர்ப்பில்லாமலே முடிந்தது. நான்கு தோசைக்காரர்களான நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.