கர்லாக்கட்டை போன தூரம்

எனக்கு 12 வயதில் டிரில் மாஸ்டர் கையில் கர்லாக்கட்டையைக் கொடுத்தார். "தோளால சுத்து தம்பி, மணிக்கட்டால இல்ல!" ஒரு மாதத்தில் என் கூன் முதுகு நிமிர்ந்தது.

நம் பயில்வான்கள் சுழற்றிய இந்தக் கட்டையை இங்கிருந்த பிரிட்டிஷ் படையினர் கற்றுத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1904, 1932 ஒலிம்பிக்கில் அது பதக்கப் போட்டியாகவே இருந்தது. என் டிரில் மாஸ்டர் போன்றவர்களை உருவாக்கத்தான் சென்னையில் 1920-இல் ஹாரி குரோ பக் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். உடற்பயிற்சி சொல்லித்தரவும் முறையான படிப்பு வேண்டும் என்று நம்பியவர் அவர். எவ்வளவு சரி!

என் பேரனுக்கு இப்போது 14 வயது. அவன் பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்கிறது. மனம் பொறுக்கவில்லை. மாலையில் மொட்டை மாடியில் நானே கட்டையை எடுத்துக் கொடுக்கிறேன்.