கோழிக்கூண்டும் பெல் கர்வும்

அப்ரைசல் சீசன் வந்துட்டா போதும், ஐ.டி. மக்கள் முகத்துல களையே இருக்காது. "பெல் கர்வ்ல ஃபிட் பண்ணணும்ப்பா, யாரையாவது கீழ போட்டுத்தான் ஆகணும்" என்று மேனேஜர் இழுப்பார். ஏன் சார் என்று கேட்டால், "வல்லவன் பிழைப்பான், இயற்கையே அப்படித்தானே" என்று ஒரு டயலாக் வரும். இயற்கை நிஜமாவே அப்படித்தானா என்று கொஞ்சம் நோண்டிப் பார்த்தேன். போய் நின்ற இடம் ஒரு கோழிக்கூண்டு!

முதல்ல அந்த டயலாக். அதை உருவாக்கியது டார்வின் இல்லை, ஹெர்பர்ட் ஸ்பென்சர். வருஷம் 1864. டார்வின் அதை 1869-ல் தன்னுடைய புத்தகத்தின் ஐந்தாம் பதிப்பில் இரவல் வாங்கிக்கொண்டார். அதே டார்வின் 1871-ல், ஒருத்தருக்கொருத்தர் உதவுகிற ஆட்கள் அதிகம் உள்ள குழு மற்ற குழுக்களை ஜெயிக்கும் என்றும் எழுதினார். இது மட்டும் எந்த ஹெச்.ஆர். பிரசன்டேஷனிலும் வந்து நான் பார்த்ததில்லை :-)

இந்த ரேங்க் போடும் முறையைப் பிரபலமாக்கியவர் ஜாக் வெல்ச். 1981 முதல் 2001 வரை ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் தலைவர். ஊழியர்களை மேல் 20%, நடு 70%, கடைசி 10% என்று பிரிக்கணும். அந்தக் கடைசி 10% வெளியே போகணும். கம்பெனி லாபம் பார்த்தது, உலகமே காப்பியடித்தது.

வெல்ச் பதவிக்கு வந்ததற்கு அடுத்த வருஷம், 1982-ல், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மியூர் ஒரு பரிசோதனையை ஆரம்பித்தார். அவர் ஆராய்ந்தது வெள்ளை லெகார்ன் முட்டைக்கோழிகளை. பண்ணைகளில் ஒரே கூண்டில் பல கோழிகளை அடைப்பார்கள். அவை ஒன்றை ஒன்று கொத்தியே கொல்லும். அதனாலதான் குஞ்சிலேயே அலகு நுனியை வெட்டிவிடுகிற பழக்கம் வந்தது.

அதிகம் முட்டை போடும் கோழியாப் பார்த்துப் பார்த்து இனவிருத்தி செய்தால் போதாதா? இங்கதான் சிக்கல். ஒரு கோழி அதிக முட்டை போட இரண்டு வழி உண்டு. ஒன்று, அதுக்கு நிஜமாவே திறமை இருக்கலாம். இல்லை, பக்கத்துக் கோழியைக் கொத்தி விரட்டி அதோட தீனியையும் சேர்த்துத் தின்றிருக்கலாம். முட்டையை மட்டும் எண்ணினால் எது எந்த ரகம் என்று தெரியாது. கொத்தும் குணத்தையும் சேர்த்தே அடுத்த தலைமுறைக்கு அனுப்பிடுவோம்.

மியூர் என்ன செய்தார்னா, கோழியைத் தேர்ந்தெடுக்கவில்லை, கூண்டைத் தேர்ந்தெடுத்தார். ஒரே அப்பனுக்குப் பிறந்த கோழிகளை ஒரே கூண்டில் வைத்தார். கூண்டின் கணக்கு நல்லா இருந்தால் மொத்தக் குடும்பமும் பாஸ், இல்லைன்னா மொத்தமும் ஃபெயில். 1996-ல் வெளியான முடிவுகளைப் பாருங்க. இரண்டாம் தலைமுறையில் வருஷத்துக்கு 68% கோழிகள் செத்துக்கொண்டிருந்தன. நான்காம் தலைமுறையில் 8.8%. தனித்தனிக் கூண்டில் நிம்மதியாக இருந்த, தேர்வு எதுவும் செய்யப்படாத கோழிகளிலேயே 9.1% செத்தன! கூண்டில் விட்ட ஒரு கோழிக்கு வருஷத்துக்கு 91 முட்டை என்றிருந்தது 237 ஆனது. இனி அலகை வெட்டும் தேவையே இருக்காது போல என்று எழுதினார்.

இப்போ மறுபடியும் ஆபீஸ். மைக்ரோசாப்டிலும் இதே ரேங்க் முறை இருந்தது. 2012-ல் வேனிட்டி ஃபேர் பத்திரிகையில் அதைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வந்தது. கெட்டிக்கார இன்ஜினியர்கள் இன்னொரு கெட்டிக்காரர் இருக்கும் டீமுக்குப் போகாமல் நழுவினார்களாம். போனால் நம்ம ரேங்க் இறங்கிடுமே! 2013 நவம்பரில் மைக்ரோசாப்ட் அந்த முறையைத் தூக்கிப் போட்டது. ஜெனரல் எலெக்ட்ரிக்கே பிற்பாடு அதைக் கைவிட்டது.

நான் முன்பு இருந்த ஒரு டீமில் ஒரு அண்ணன் இருந்தார். புதுசா வர்ற பசங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, ராத்திரி புரொடக்‌ஷன் விழுந்தால் யார் கோட் என்று பார்க்காமல் உட்காருவது, எல்லாம் அவர்தான். அவர் பெயரில் மூடிய டிக்கெட் கம்மி. அந்த வருஷம் கடைசி கிரேடு அவருக்கு, ஆறு மாசத்தில் வேலையும் போச்சு. அவர் போன பிறகு மத்தவங்க டிக்கெட் எண்ணிக்கையும் இறங்கியது. எங்க முட்டைகளில் பாதி அவர் போட்டது என்று எந்த ரிப்போர்ட்டிலும் இல்லை.

மனுஷன் கோழி இல்லை, ஒத்துக்கிறேன். ஹெச்.ஆர். யாரையும் இனவிருத்தி செய்வதில்லை. மியூரின் கூண்டில் இருந்தவை சொந்தக்காரக் கோழிகள்; ஆபீஸில் டீமுக்கு மட்டும் மார்க் போட்டால் ஓசியில் காலம் தள்ளுபவனும் தப்பிப்பான். ஆனால் எந்தக் குணத்துக்குப் பரிசு தருகிறோமோ அந்தக் குணம்தான் ஆபீஸில் பெருகும், அதுக்கு மரபணு தேவையில்லை.

அதனால ஹெச்.ஆர். நண்பர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஒருத்தரைக் கீழே போடுவதற்கு முன், அவர் இருந்ததால் பக்கத்து சீட்டுக்காரர்களின் வேலை கூடியதா, குறைந்ததா என்று கேட்டுப் பாருங்க. முதல் ரேங்க் வாங்குபவரைப் பற்றியும் அதே கேள்வியைக் கேளுங்க. இயற்கையைக் காட்டி ஒருத்தர் சோற்றில் கை வைப்பதாக இருந்தால், இயற்கை சொன்னதை முழுசாப் படிச்சுட்டு வைக்கலாமே!