வல்லாரை: நரம்பைத் தேடிப்போன கீரை

வாய்க்கால் ஓரத்திலும் வயல் வரப்பிலும் தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விடும் கீரை வல்லாரை. நீண்ட காம்பின் நுனியில் சிறுநீரக வடிவில் ஓர் இலை, ஓரமெங்கும் வளைந்த பற்கள். இன்றைய தாவரவியல் பெயர் சென்டெல்லா ஏசியாட்டிகா. சமஸ்கிருத நூல்கள் இதை மண்டூகபர்ணி என்கின்றன. வடக்கே சிலர் இதையே பிரம்மி என்பார்கள். தெற்கே பிரம்மி என்றால் நீர்ப்பிரம்மி, முற்றிலும் வேறு செடி. ஆய்வுகளைப் படிப்பவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள்.

நினைவாற்றலுக்கென்று பிள்ளைகளுக்கு வீட்டில் துவையல் அரைத்துக் கொடுத்தார்கள். நவீன மருத்துவமோ இதைத் தோல் நோய் வழியாகவே அறிந்தது. 1850களில் மொரீசியஸில் புவாலோ என்ற மருத்துவர் தொழுநோய்க்கு இதைக் கொடுத்துப் பார்த்தார். அதே காலத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கடற்படை மருந்தாளர் ழூல் லெப்பின் செடியைப் பகுத்து, கிடைத்த எண்ணெய்ப் பசையான பொருளுக்கு ‘வெல்லரின்’ என்று பெயர் வைத்தார். வல்லாரை என்ற தமிழ்ச் சொல் அப்படியே வேதியியலுக்குள் நுழைந்துவிட்டது! 1941இல் போன்டெம் என்பவர் இந்தச் செடியிலிருந்து ஏசியாட்டிகோசைடு என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார். அதன் பிறகு வல்லாரை காயம் ஆற்றும் களிம்புகளில் குடியேறியது.

நரம்பின் பக்கம் பார்வை திரும்பக் காரணம் வேறோர் ஆராய்ச்சி. நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதம் முதலான வளர்ச்சிக் காரணிகளைக் கண்டறிந்ததற்காக ரீட்டா லெவி-மொன்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் 1986இல் நோபல் பரிசு பெற்றனர். ஆனால் நரம்பு வளர்ச்சிக் காரணி பெரிய மூலக்கூறு. ரத்தத்தில் செலுத்தினாலும் மூளையின் தடுப்பரணைத் தாண்டாது. எனவே அதன் வேலைக்குத் துணைபோகும் சிறிய மூலக்கூறுகளைத் தாவரங்களில் தேடத் தொடங்கினார்கள்.

அமெரிக்காவின் ஓரிகான் ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட முடிவு இந்தத் தேடலில் முக்கியமானது. அந்தக் காரணியோடு வல்லாரையின் சாராயச் சாற்றையும் சேர்த்தபோது, வளர்ப்புத் தட்டிலிருந்த செல்களின் நரம்பிழைகள் இன்னும் நீண்டன. வல்லாரையிலுள்ள ஏசியாட்டிக் அமிலமும் அவ்வாறே செய்தது. நீரில் எடுத்த சாறு அந்தச் சோதனையில் பலிக்கவில்லை. நரம்பு சேதமான எலிகள் சாராயச் சாற்றைக் குடித்து விரைவாகத் தேறின. மணிப்பாலில் நடந்த வேறோர் ஆய்வில் பச்சை இலைச்சாறு ஊட்டப்பட்ட எலிக்குட்டிகளின் மூளையில், நரம்பணுக்களின் கிளைகள் கூடுதலாகப் படர்ந்திருந்தன.

எலி வேறு, மனிதர் வேறு. மனிதரிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2017இல் வெளியான மேலாய்வு, அறிவுத்திறனில் போலி மருந்தைவிடக் குறிப்பிடத்தக்க மேம்பாடு எதையும் காணவில்லை. ஆனால் விழிப்பு நிலை சற்றுக் கூடியிருந்தது.