கியர் ராடும் அதன் எண்ணெயும்: மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் வழியே ஒரு வரலாறு

கியர் ராடு என்பது கியர்பெட்டிக்குள் இருக்கும் பற்சக்கரங்களில் எந்த இணை விசையைக் கடத்த வேண்டும் என்பதை ஓட்டுநர் கையால் தேர்ந்தெடுக்க உதவும் நெம்புகோல் ஆகும். ஜப்பானின் மஸ்டா நிறுவனம் 1989-இல் வெளியிட்ட எம்எக்ஸ்-5 என்னும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரில் இந்த ராடு தனக்கென்று ஒதுக்கப்பட்ட சிறிதளவு எண்ணெயில் நிற்கிறது. அந்த எண்ணெயின் அளவு 100 மில்லிலிட்டருக்கும் குறைவு. கியர்பெட்டியில் உள்ள சுமார் 2 லிட்டர் எண்ணெயை ஒழுங்காக மாற்றுபவர்கள்கூட இந்தச் சிறிதளவை மறந்துவிடுவதுண்டு. அதன் விளைவாக, நல்ல நிலையில் இருக்கும் கியர்பெட்டி பழுதாகிவிட்டதாகத் தவறாகக் கருதப்படுகிறது.

ராடு வந்த வழி

1890-களில் பிரான்சின் பனார் எ லெவாசோர் கார்களில் பற்சக்கரங்களைத் தண்டின்மேல் நகர்த்தி ஒன்றோடொன்று கோக்கும் முறை வழக்கத்துக்கு வந்தது. நகர்த்துவதற்கு ஒரு கோல் தேவைப்பட்டது. அன்றைய பல கார்களில் அது ஓட்டுநரின் வலப்புறம், வண்டியின் உடலுக்கு வெளியே இருந்தது. மழையும் புழுதியும் நேராக அதன் மூட்டுகளில் படியும். வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த 1901-ஆம் ஆண்டின் மெர்சிடீஸ் 35 குதிரைத்திறன் காரில் கோல் நகர்வதற்குத் தனித்தனி வரிசைகள் கொண்ட சட்டம் பொருத்தப்பட்டது. இன்று கியர் குமிழின்மேல் காணும் கோடுகளுக்கு மூதாதை அதுதான்.

அக்காலத்தில் கியர் மாற்றுவது எளிதன்று. வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு சக்கரங்களைச் சேர்க்கக் கிளட்சை இருமுறை மிதிக்க வேண்டும். கணிப்பு தவறினால் பற்கள் மோதிக் கரகரக்கும். 1929-ஆம் ஆண்டுக்கான காடிலாக் கார்களில் ஏர்ல் தாம்சன் உருவாக்கிய சின்க்ரோமெஷ் அமைப்பு இதற்கு முடிவு கட்டியது. பற்கள் சேர்வதற்கு முன்பே கூம்பு வடிவப் பரப்புகள் ஒன்றையொன்று உரசி வேகத்தைச் சமப்படுத்திவிடும். பிற்காலக் கியர்பெட்டிகளில் இந்த வேலையைப் பெரும்பாலும் பித்தளை வளையங்கள் செய்தன.

இதிலிருந்து எண்ணெய்க்கு ஒரு புதிய சிக்கல் பிறந்தது. பற்சக்கரங்களுக்கு உராய்வு கூடாது. ஆனால் அதே எண்ணெயில் மூழ்கியிருக்கும் சின்க்ரோ வளையத்துக்கு உராய்வு வேண்டும். அளவுக்கு மீறி வழுக்கும் எண்ணெயை ஊற்றினால் வளையம் பிடிக்காமல் நழுவும். எந்த எண்ணெய் என்ற கேள்வியைப் பிறகு பார்ப்போம்.

எம்எக்ஸ்-5

1962-இல் வந்த லோட்டஸ் எலான் போன்ற பிரிட்டிஷ் திறந்த கார்களின் குணத்தை, எண்ணெய் ஒழுகும் அவற்றின் பழக்கம் இல்லாமல், மீண்டும் கொண்டுவருவதே மஸ்டாவின் எண்ணம். திட்டத்தின் தலைவர் தோஷிஹிகோ ஹிராய். குதிரையும் அதன்மேல் இருப்பவரும் ஓருடல் என்று பொருள்படும் "ஜின்பா இட்டாய்" என்ற ஜப்பானியத் தொடரை அவர்கள் குறிக்கோளாகக் கொண்டனர். கார் 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமானது.

அதற்கு அடுத்த மாதமே நடந்த ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். பிரேசிலில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தில், ஸ்டீயரிங்கின் பின்புறமுள்ள சிறு தகடுகளை விரலால் இழுத்துக் கியர் மாற்றும் ஃபெராரி 640 காரில் நைஜல் மான்செல் வென்றார். கியர் ராடு சிறப்பாக அமைந்த ஒரு காரும், ராடே வேண்டாம் என்ற தொழில்நுட்பத்தின் முதல் வெற்றியும் இப்படி ஒரே பருவத்தில் வந்தன. தகடுகள் பின்னர் சாலைக் கார்களிலும் பரவின. 2013-இல் போர்ஷே 911 ஜிடி3 கார் ராடு இல்லாமலேயே வெளிவந்தது. விரும்பிக் கேட்டவர்கள் இருந்ததால் 2017-இல் அதில் ராடு திரும்பவும் இடம்பெற்றது.

எம்எக்ஸ்-5 காரில் எஞ்சின் முன்னே, விசை பின்சக்கரத்துக்கு. அதனால் கியர்பெட்டி இரு இருக்கைகளுக்கும் இடையில் அமைகிறது. ராடு நேரே அதன் தலையில் இறங்குகிறது. எஞ்சின் பின்னால் உள்ள போர்ஷே 911 போன்ற கார்களில் ராடுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே நீண்ட தண்டும் பிளாஸ்டிக் புஷ்களும் தேவை. புஷ் தேய்ந்தால் ராடு ஆடும். ஸ்டீயரிங் தண்டிலேயே கியர் ராடு இருந்த அம்பாசடரை ஓட்டிய என் வயதினருக்கு இந்த ஆட்டம் புதிதல்ல.

ராடின் நடுவே ஓர் உருண்டை; அது ஆதாரப்புள்ளி. மேல்முனையில் கையின் திறன், கீழ்முனையில் பளு. பாடநூலில் சொல்லும் முதல் வகை நெம்புகோல்தான் இது. பல ஆண்டுகள் கத்தரிக்கோலையும் ஏற்றத்தையும் காட்டியே நான் இப்பாடத்தை நடத்தினேன். கியர் ராடு நினைவுக்கு வந்ததே இல்லை. ஆதாரப்புள்ளிக்குக் கீழே உள்ள பகுதியை நீளமாக்கினால் கை நகரும் தூரம் குறையும், ஆனால் அழுத்தம் கூடுதலாகத் தேவைப்படும். சந்தையில் விற்கும் "ஷார்ட் ஷிஃப்டர்" ராடுகளின் சூட்சுமம் இவ்வளவே.

எண்ணெய் வற்றும்போது

ராடின் கீழ்முனை நைலான் புஷ் ஒன்றினுள் அமர்ந்து, கியர்பெட்டிக்குள் செல்லும் தண்டை நகர்த்துகிறது. இது நிகழும் சிறு அறையை மெக்கானிக்குகள் டரட் என்பார்கள். மேலே சொன்ன 100 மில்லிலிட்டருக்கும் குறைவான எண்ணெய் இந்த அறையில்தான் இருக்கிறது. அதன் வாயை ஒரு சிறிய ரப்பர் உறை மூடுகிறது. அதற்கும் மேலே பெரிய உறை ஒன்று காரின் உட்புறத்தைப் பிரிக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லக் கியர்பெட்டியின் சூட்டில் சிறிய உறை வெடித்துக் கிழியும், எண்ணெய் குறையும். ராடு தடங்கித் தடங்கி நகரும், குமிழில் சலசலப்பு கேட்கும், கால் அருகே சூடான காற்று வரும்.

கோளாறு எங்கே என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டு நியூட்ரலில் ராடை இடவலமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். அப்போதும் கரடுமுரடாக இருந்தால் டரட்டைச் சந்தேகிக்கலாம். ஓடும்போது மட்டும் பற்கள் கரகரத்தால் சின்க்ரோ வளையத்தையோ கிளட்சையோ பார்க்க வேண்டும்.

வேலை பெரியதன்று. குமிழைக் கழற்றி, இருக்கைகளுக்கு நடுவிலுள்ள பெட்டியை எடுத்து, ராடை நியூட்ரலில் வைத்து, இரு உறைகளின் போல்ட்களையும் நீக்கினால் ராடு மேலே வந்துவிடும். போல்ட்களைத் தொடும் முன் சுற்றிலும் உள்ள மண்ணைத் துடைத்துவிட வேண்டும். அவசரத்தில் பலர் இதைத்தான் விடுகிறார்கள். பழைய எண்ணெயை ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்து, நைலான் புஷ்ஷையும் சிறிய உறையையும் புதிதாக மாற்றி, உருண்டையில் சிறிது கிரீஸ் தடவி, புது எண்ணெய் ஊற்ற வேண்டும். அறை முழுவதையும் கிரீஸால் நிரப்புவது தவறு. கிரீஸ் ஒருமுறை ஒதுங்கினால் தானாகத் திரும்பி வராது, எண்ணெய் வரும்.

இனி எண்ணெயின் தரம். எஸ்ஏஇ 75டபிள்யூ-90 என்பது அதன் பாகுத்தன்மையைக் குறிக்கும்; ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பன தாங்கும் அழுத்தத்தைக் குறிக்கும். ஜிஎல்-5 எண்ணெயில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் அதிகம். டிஃபரென்ஷியலில் பற்கள் வழுக்கி உரசுவதால் அங்கே அது தேவை. ஆனால் சிலவகைச் சேர்மங்கள் சூட்டில் பித்தளையை அரிக்கும். எனவே காரின் கையேட்டைப் பார்த்து, ஜிஎல்-4 அனுமதிக்கப்பட்டிருந்தால் கியர்பெட்டிக்கு அதையே வாங்குவது நல்லது. டரட்டில் சின்க்ரோ வளையம் இல்லாததால் அங்கே இந்தக் கண்டிப்பு அவ்வளவு தேவையில்லை. எனினும் இரண்டுக்கும் ஒரே எண்ணெயை ஊற்றுவதே வழக்கம்.

ராடைத் திரும்பப் பொருத்திய பிறகு, நடுப்பெட்டியை மூடும் முன்பே ரிவர்ஸ் உட்பட எல்லாக் கியர்களிலும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட வேண்டும். ராடின் முனை புஷ்ஷில் சரியாக அமராமல் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.